புதுக் குடித்தனமும் வாலிபர் ஊழியமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்தவை. எழுதியவர்கள் கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டாதவர்கள். சம்பளமில்லாமல் சபையில் வாலிபர் ஊழியம், அதாவது இளைஞர்களை வழிநடத்தும் வேலை, பார்ப்பவர்கள். பெயரையும் சபையையும் விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அவர் வாலிபர் ஐக்கியச் செயலாளர். பகலில் கூட்டுறவு சங்கத்தில் வேலை. செவ்வாய் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாசக் கூட்டம், சனி பாட்டுப் பயிற்சி, ஞாயிறு முழுக்க சபை. சனி ராத்திரி பத்து மணிக்கு ஏழெட்டுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வருவார். "பசிக்குது அண்ணி" என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஏதாவது சொன்னால், "ஊழியத்துக்குத் தடையா இருக்காதே" என்கிறார். மாமியாரும் அவர் பக்கம்தான். என்ன செய்வது?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் ஒரே ஒரு வாரம், அவர் ஊழியத்துக்காகக் கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் காலண்டர் ஓரத்தில் குறித்துவையுங்கள். செவ்வாய் இரண்டரை மணி, வெள்ளி மூன்று, சனி நான்கு, ஞாயிறு காலை ஐந்து, மாலை மூன்று என்று வைத்தாலே பதினேழரை மணி நேரம் ஆகிவிடுகிறது. போனில் பேசுவது தனி. வேலைக்குப் போகிற ஆளுக்கு இது இன்னொரு அரை உத்தியோகம். பெரும்பாலான தம்பிகளுக்கு இந்தக் கூட்டுத்தொகை தெரியவே தெரியாது. கண்ணால் பார்த்தால் அவர்களே திகைத்துப்போவார்கள்.

அடுத்து, அந்தப் பதினேழரையைப் பிரித்துப் பாருங்கள். தடுமாறி நிற்கிற ஒரு பையனோடு உட்கார்ந்து பேசுவது, வேதபாடம் தயாரிப்பது, பெற்றோரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்தான் செய்யவேண்டும். கீபோர்டைத் தூக்கிப் போவது, மைக் செட் கட்டுவது, பாட்டுத் தாள் ஜெராக்ஸ் எடுப்பது, ஹால் சாவி, வாட்ஸாப்பில் ஞாபகப்படுத்துவது ஆகியவற்றைப் பத்தொன்பது வயதுப் பையன் அவரைவிட நன்றாகவே செய்வான். செயலாளர்களின் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இரண்டு பேரிடம் ஆறு மாதத்துக்கு ஒப்படைக்கச் சொல்லுங்கள். இதில் வழக்கமாகச் சொதப்புகிற இடம் ஒன்று உண்டு: சாவியைக் கொடுத்துவிட்டு, "சரியா செய்றானான்னு பார்த்துட்டு வந்துர்றேன்" என்று இவரும் கிளம்புவார். பிறகு கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. முதல் இரண்டு வாரம் கீபோர்டு வயர் மறந்துபோகட்டும். மூன்றாவது வாரம் தானாக வந்து சேரும்.

சனிக்கிழமை பத்து மணி ஆவதற்குக் காரணம் எளிது. ஏழு மணிக்குப் பயிற்சி என்று சொல்வார்கள். எட்டுக்குத்தான் ஆள் சேரும். ஐந்தரைக்கு வைத்து, ஏழரைக்கு ஹாலைப் பூட்டுங்கள். எத்தனை பேர் வந்திருந்தாலும் ஐந்தரைக்குப் பாட்டு ஆரம்பிக்கவேண்டும். ஒரு மாதம் முறைப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் கெட்ட பெயர் வாங்கவேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் சாப்பாடு, மற்ற வாரம் டீயும் பிஸ்கட்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பதினைந்து பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி ஒன்றரைக் கிலோ, துவரம்பருப்பு அறுநூறு கிராம், காய் ஒன்றரைக் கிலோ, தொட்டுக்கொள்ள அப்பளம் போதும். சாமான் வாலிபர் நிதியிலிருந்து வரவேண்டும், உங்கள் வீட்டு மளிகையிலிருந்து அல்ல. காய் நறுக்க இரண்டு பையன்கள், பாத்திரம் கழுவ இரண்டு பையன்கள். சமையல் தெரியாது என்று ஒருத்தன் சொன்னால் வெங்காயத்தை அவனிடம் கொடுங்கள்.

பேச்சை எடுக்கிற நேரம் முக்கியம். சனி ராத்திரி பத்தரைக்கு எடுத்தால் சண்டைதான் வரும். திங்கள் சாயந்தரம், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, காலண்டரைக் காட்டி எடுங்கள். "உங்க ஊழியம்" என்று சொல்லாமல் "நம்ம ஊழியம்" என்று பேசினால் பாதி கோபம் ஆரம்பத்திலேயே இறங்கிவிடும். கேட்பது திட்டமாக இருக்கட்டும்: வார நாளில் ஒரு சாயந்தரம், சனிக்கிழமை எட்டுக்குப் பிறகு, இரண்டும் வீட்டுக்கு, அந்த நேரத்தில் போன் அலமாரியில். உபாகமம் 24:5-ஐச் சேர்ந்து வாசியுங்கள். புதிதாகக் கல்யாணமானவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கே அனுப்பக்கூடாது, அவன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தவேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்கிறது. யுத்தத்துக்கே விதிவிலக்கு என்றால் மைக் செட்டுக்கு இல்லாமல் போகுமா?

"ஸ்வார்ட்ஸ் ஐயரைப் போல உழைக்கணும்" என்று, தஞ்சாவூரில் ஊழியம் செய்த அந்த ஜெர்மானிய மிஷனரியைக் காட்டி, தஞ்சாவூர்ப் பக்கத்து மேடைகளில் வாலிபர்களுக்குச் சொல்வது வழக்கம். நல்ல ஆலோசனைதான். ஆனால் 1798-ல் காலமாகும்வரை அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். அவரிடம் பேசவேண்டியது மகன்தான். இரண்டு மாதம் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை என்றால், இருவருமாக ஆயரிடம் போங்கள். நீங்கள் மட்டும் தனியாக ஆயரம்மாவிடம் போனால் அது புகாராகத்தான் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு ஜூனில் இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். நவம்பரில் ஐந்து பேர்தான். நானும் மனைவியும் சோர்ந்துவிட்டோம். எங்களிடம்தான் குறையா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: குறை அட்டவணையில் இருக்கிறது. ஜனவரியில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே மாதிரி கூட்டம் போட்டால் டெல்டாவில் எடுபடாது. மேட்டூர் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. உங்கள் ஊர் மாதிரி கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர இன்னும் சில வாரம் ஆகும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை சம்பா விதைப்பும் நடவும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர்வரை எந்தச் சாயந்தரமும் நிச்சயமில்லை. நவம்பரில் ஐந்து பேர் வந்தது பெரிய விஷயம். ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் அறுப்பு. அந்த நாட்களில் பையன்கள் நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில், நெல் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டு ராக்காவல் இருப்பார்கள். அங்கேயே ஒரு பிளாஸ்க் டீயோடு போய் அரை மணி நேரம் உட்காருங்கள். அன்றைக்கு அதுதான் கூட்டம்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. கடற்கரைச் சபை என்றால் கணக்கு வேறு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுத் தொழிலாளிகள் கரையில் இருப்பார்கள். முகாமை அந்த நாட்களில் வையுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகப்பட்டினம் சாலையில் பஸ் ஏறுவதே பாடு, அந்தப் பக்கம் வெளியூர்க் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள்.

ஆக, முழு வேகத்தில் நடத்த ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலைவரை. மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), பத்து நாள், காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு. வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகள் வீட்டில் இருக்கவேண்டும். ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை மாதம் இரண்டு கூட்டம் போதும், அதையும் தெருத்தெருவாக வீடுகளில் வையுங்கள். டிசம்பரில் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேலைக்குப் போனவர்கள் திரும்புவார்கள், கூட்டம் தானாகச் சேரும். வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் காலை ஆறுவரை தடுக்கின்றன. பெண்பிள்ளைகளை ஒன்பதுக்குள் அவரவர் வாசலில் விட்டுவிடுங்கள், தெருமுனையில் அல்ல.

ஜனவரி முதல் வாரம் முடிந்ததும் ஒரு வாரம் நீங்கள் இருவரும் ஊரில் இல்லாமல் இருங்கள். கிறிஸ்துமஸ் முழுக்க ஓடிவிட்டு நிற்காமல் போகிற தம்பதிக்கு, பிப்ரவரியில் காரணமே இல்லாமல் சண்டை வரும்.

கேள்வி: எங்கள் குழுவில் பதினாறு வயதுப் பெண், உறவினர் ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்ததாக என்னிடம் மட்டும் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கணவர் மூப்பர் ஒருவரிடம் பொதுவாகக் கேட்டதற்கு, சபை மானம் போய்விடும், உள்ளுக்குள் பேசி முடிப்போம் என்றார்.
– வாசகி, கும்பகோணம் அருகில்

பதில்: உள்ளுக்குள் பேசி முடிக்கவே கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லவேண்டியது போக்சோ சட்டம், 2012-ன் 19-வது பிரிவின்படி கட்டாயம். மறைத்தால் 21-வது பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. அது உங்களுக்கும் அந்த மூப்பருக்கும் சேர்த்துத்தான். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே 19-வது பிரிவு சொல்கிறது.

இன்றைக்கே செய்யவேண்டியது: அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். மேற்கொண்டு தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். பத்துப் பேரிடம் பத்துத் தடவை சொல்லவைத்தால் பிள்ளையும் நொந்துபோவாள், வழக்கும் கெடும். சம்பந்தப்பட்ட ஆளிடம் போய் நியாயம் கேட்கவே வேண்டாம், அவன் வீட்டாரை மிரட்டத் தொடங்கிவிடுவான். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யலாம், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். அந்தப் பெண்ணிடம், "நான் கொடுத்த வாக்கைக் காப்பாத்த முடியாதும்மா, உன் பாதுகாப்புக்காகச் சொல்லியே ஆகணும், கூடவே நான் இருப்பேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

அவளுக்குத் தெரியவேண்டியவை: வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்கவேண்டும், இயன்றவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்கவேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. பெயரோ படமோ வெளியே வரக்கூடாது. ஜெபக் குறிப்பாகக்கூட இதைச் சபையில் சொல்லிவிடாதீர்கள். பெயர் சொல்லாமல் "ஒரு சகோதரிக்காக" என்று ஜெபித்தாலும் பத்து நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்.

இனிமேல் யாருக்கும் ரகசிய வாக்குக் கொடுக்காதீர்கள். பெண்பிள்ளைகளோடு உங்கள் கணவர் தனியாக இருக்கவேண்டாம், பத்து மணிக்கு மேல் தனி மெசேஜ் வேண்டாம். முகாம் என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் போன் நம்பரும் இல்லாமல் வண்டியில் ஏற்றவேண்டாம்.

கேள்வி: பெட்ரோல், ஜெராக்ஸ், டீ எல்லாம் என் சம்பளத்தில்தான் போகிறது. மனைவி கணக்குக் கேட்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் நண்பன் முகாமுக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறான். என் அக்கவுண்டில் வாங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மனைவி கேட்பது சரி. ஒரு சுற்று இருபது கிலோமீட்டர், வாரம் நான்கு சுற்று என்றால் எண்பது. லிட்டருக்கு நாற்பத்தைந்து கொடுக்கிற பைக்குக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது மாதம் எழுநூறைத் தாண்டும், டீயும் ஜெராக்ஸும் சேர்ந்தால் ஆயிரத்தைந்நூறு. தசமபாகத்துக்கு (சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு) மேல் இவ்வளவு கொடுக்கலாம் என்று இருவரும் சேர்ந்து ஒரு தொகையை முடிவுசெய்யுங்கள். அதற்கு மேல் போனால் பில்லோடு சபைக் கமிட்டியிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு நகையை அடகு வைத்த வீடுகள் உண்டு.

நண்பன் விஷயத்தில் ஒரு கேள்விதான்: அவனிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டா? ஆம் என்றால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டான் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். 2010-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் வாங்கலாம். அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் வந்து விழவேண்டும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஏஜென்ட் கைவழியாக, அனுப்புகிறேன் என்று சொன்னால் வேண்டவே வேண்டாம். எந்தப் பணமானாலும் உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். சபைக் கணக்குக்குப் போகட்டும், இரண்டு கையெழுத்தில் வெளியே வரட்டும்.

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "விசேஷம் இல்லையா?" என்று சபையில் கேட்காத ஆள் இல்லை. வாலிபர் கூட்டத்திலேயே எங்களுக்காக ஜெபிக்கிறார்கள்.
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: "ஜெபத்துக்கு நன்றி, அதை வீட்டிலேயே செய்யுங்க ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் ஜெபிப்பதை உங்கள் கணவர் நிறுத்தச் சொல்லவேண்டும், நீங்கள் அல்ல. முயற்சி செய்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் டாக்டரைப் பார்க்கவேண்டியிருக்கும். உங்களுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதம். போகும்போது இருவரும் போங்கள், அவருக்கான பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதை முதலிலேயே எடுத்துவிடலாம். குழந்தை வேண்டும் என்று முடிவுசெய்த நாளிலிருந்தே ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் போடத் தொடங்கலாம். இன்னும் வேண்டாம் என்று தள்ளிவைத்திருந்தால், அதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.