மீட்டர் பொருத்தினால் வாரண்டி முழுவதும் போய்விடுமா?

கேள்வி: வாரண்டி முடியாத என் பெட்ரோல் காருக்கு, காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் மீட்டர் ஒன்றை ‘வைட்பேண்ட்’ (விகிதத்தை எண்ணாகவே அளந்து காட்டும் வகை) என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினேன். வெளி மெக்கானிக் ஒருவர், காரிலுள்ள ஆக்சிஜன் சென்சார் வயரிலிருந்தே இணைப்பு எடுத்து அதைப் பொருத்தினார். பிறகு இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இப்போது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்றும், மாற்றம் செய்த வண்டிக்கு வாரண்டியே இல்லை என்றும் சர்வீஸ் மையத்தில் சொல்கிறார்கள். மெக்கானிக் மீட்டரைக் குறை சொல்கிறார், விற்றவர் மெக்கானிக்கைக் குறை சொல்கிறார். நான் யாரிடம் இழப்பீடு கேட்பது?

பதில்: வாரண்டியே இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த ஷரத்தின்படி மறுக்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். மாற்றம் செய்தாலே வாரண்டி ரத்து என்பது ஒன்று, மாற்றத்தால் விளைந்த பழுதுக்கு மட்டும் வாரண்டி இல்லை என்பது வேறொன்று. உங்கள் வாரண்டிப் பத்திரத்தில் இருப்பது இரண்டாவது வகை என்றால், மீட்டருக்குத் தொடர்பில்லாத பிரேக், ஏசி போன்றவற்றின் வாரண்டி அப்படியே நிற்கிறது. மேலும், விலக்கு ஷரத்தைக் காட்டித் தப்பிக்க நினைப்பவரே அது இந்தப் பழுதுக்குப் பொருந்தும் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொதுவான சட்டக் கொள்கை.

ஆனால் கன்வெர்ட்டர் விஷயத்தில் உங்கள் நிலை அவ்வளவு வலுவானதல்ல. கார்களில் வரும் சாதாரண நேரோபேண்ட் (பெட்ரோல் கூடுதலா குறைவா என்று மட்டும் காட்டும்) ஆக்சிஜன் சென்சார் சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரையே அனுப்புகிறது. அந்த வயரில் தரமற்ற மீட்டரைக் கோத்தால் வோல்டேஜ் இறங்கிவிடக்கூடும். இறங்கினால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தவறாக எண்ணிக் கூடுதலாகச் செலுத்தும்; எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சூடேற்றிக் கெடுக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்தச் சங்கிலியைத்தான் முன்வைப்பார். அது உங்கள் காரில் உண்மையிலேயே நடந்ததா என்பதற்கான முதல் சாட்சி இசியு நினைவகத்தில் இருக்கிறது. இசியு தவறாக எண்ணியபடியே, கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைக் குறிக்கும் பி0171 போன்ற கோடு (பழுதுக் குறியீடு) பதிவாகியிருக்கலாம். கோடு விழுந்த கணத்தில் இன்ஜின் வெப்பம், வேகம், எரிபொருள் திருத்தம் எவ்வளவு என்பதும் அதனுடன் சேமிக்கப்பட்டிருக்கும். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் இவை அழிந்துவிடும். ஆகவே யாரும் கோடை அழிப்பதற்கு முன் அதன் பிரதியை வாங்கிவிடுங்கள். கழற்றிய கன்வெர்ட்டரையும், இணைப்பெடுத்த வயர்ப் பகுதியையும் குப்பைக்குப் போகவிடாமல் பாதுகாத்து, சார்பற்ற நிபுணர் ஒருவரிடம் அறிக்கை பெறுங்கள்.

சங்கிலி உண்மை என்று அறிக்கை சொன்னால், உங்கள் கோரிக்கை சர்வீஸ் மையத்தை விட்டு மற்ற இருவர் பக்கம் திரும்பும். மெக்கானிக், தம் தொழிலுக்குரிய நியாயமான கவனத்தோடு வேலை செய்யக் கடமைப்பட்டவர். மீட்டரை நீங்களே வாங்கிக் கொடுத்தீர்கள் என்பதால் அந்தக் கடமை நீங்கிவிடாது. இணைப்பு முறையைத் தேர்ந்தெடுத்தது யார், அவர் எச்சரித்தும் நீங்கள் வற்புறுத்தினீர்களா என்பவை முக்கியம். பொருத்துவதற்கு முன் நடந்த குறுஞ்செய்திப் பரிமாற்றம் இருந்தால் அது தங்கம்.

விற்றவர் மீதான கோரிக்கை தனியானது. கன்வெர்ட்டர் போகாமல் இருந்திருந்தாலும் அது நிற்கும். காற்று 14.7-க்கு பெட்ரோல் 1 என்ற சமநிலையைச் சுற்றி, பெட்ரோல், கூடுதலா குறைவா என்பதை மட்டுமே நேரோபேண்ட் சென்சாரால் நம்பகமாகச் சொல்ல முடியும், 12.5 என்றோ 16 என்றோ அளந்து காட்ட வைட்பேண்ட் சென்சார் வேண்டும். தனி சென்சார் இல்லாமல் பழைய வயரில் கோக்கும்படி வந்த பொருளை ‘வைட்பேண்ட்’ என்று விற்றது விவரத்துக்குப் பொருந்தாத விற்பனை. விளம்பரப் பக்கத்தை அது மறைவதற்குள் தேதியுடன் பதிவு செய்துகொண்டு, மூவருக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒருவர் மாற்றி ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலவரம்பு கடந்துவிடும்.

நிபுணர் பார்த்து முடிக்கும் வரை வேறு மீட்டர் பொருத்தாதீர்கள். பிறகு வேண்டுமென்றால், தனி சென்சாருடன் வரும் வைட்பேண்டை வாங்கி, கன்வெர்ட்டருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் தனித் துளையிட்டு, நீர் தேங்காதபடி கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வில் பொருத்தச் சொல்லுங்கள். மின்சாரம் தனி ஃபியூஸ் வழியாக, சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். துளையிடுவதும் மாற்றம்தான் என்பதால் தயாரிப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலை முன்னதாகவே பெறுங்கள். காரின் சொந்த சென்சார் வயரைத் தொடக்கூடாது என்பதை வேலைச் சீட்டில் எழுதி மெக்கானிக்கிடம் கையொப்பமும் வாங்குங்கள்.