எம்டன் செய்தது குற்றமா? போர்ச் சட்டம் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடத்துக்கும் மேலாகச் சட்ட மாணவர்களுக்கு சர்வதேச மனிதாபிமானச் சட்டம், அதாவது போர்ச் சட்டம், எடுத்தவள் நான். போன வாரம், "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று சொன்னதுதான் தாமதம், நாற்பது கேள்விகளுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். வெறும் அரசியல் வசவாக இருந்தவற்றை ஒதுக்கிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரை யார் ஆரம்பித்தது, யார் பக்கம் நியாயம் என்று இந்தச் சட்டம் கேட்பதே இல்லை. அதைப் பார்க்க ஐ.நா. சாசனம் இருக்கிறது. சண்டை என்று வந்தபின் அதை எப்படி நடத்த வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு. வந்த கேள்விகளில் பாதி இந்த இடத்தில்தான் இடறி விழுந்திருந்தன.

திருச்சியிலிருந்து மூன்றாம் ஆண்டு சட்ட மாணவி: மேடம், இந்தப் பாடத்தை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்தப் புத்தகம் வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 1949-இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கிலும் சேர்த்து 429 பிரிவுகள். பயந்துவிடாதீர்கள், முதலில் இரண்டே இரண்டு போதும்: நான்கு ஒப்பந்தங்களிலும் அப்படியே திரும்ப வரும் 2-ஆம் பிரிவும் 3-ஆம் பிரிவும். நாடும் நாடும் மோதினால் 2. ஒரு நாட்டுக்குள் அரசும் ஆயுதக் குழுவும் மோதினால் 3. எந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தாலும் "இது எந்த வகை மோதல்?" என்பதைத் தீர்க்காமல் அடுத்த வரி எழுதாதீர்கள். அதைத் தாண்டிப்போய்ப் பத்துப் பக்கம் எழுதி மதிப்பெண் இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஜெனீவா ஒப்பந்தங்களோடு பின்னால் சேர்த்த உடன்படிக்கையான 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறையில் 48 முதல் 58 வரையான பிரிவுகள். யாரைத் தாக்கலாம், எதைத் தாக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கேதான். இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனாலும் அதில் உள்ள அடிப்படை விதிகள் வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகள் கடமை என்று கருதிப் பின்பற்றி வந்ததாலேயே சட்டமானவையாக, எல்லோரையும் கட்டுப்படுத்துகின்றன. வழக்காற்று விதிகளைத் தொகுத்து 2005-இல் செஞ்சிலுவைக் குழு வெளியிட்ட ஆய்வில் 161 விதிகள் உள்ளன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தியத் தீர்ப்பு ஒன்றாவது படிக்க வேண்டும் என்றால் 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மோன்டேரோ வழக்கு. கோவாவில் இருந்த போர்த்துகீசியக் குடியுரிமை கொண்ட பாதிரியார் ஒருவர், நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் தன்னைக் காக்கும் என்று வாதாடிப் பார்த்தார். சின்னத் தீர்ப்புதான். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்.

செஞ்சிலுவை பிறக்கக் காரணமான சோல்ஃபெரினோ போர்க்களம், ஹென்றி தூனான் கதையை எல்லோரும் முதல் நாளே படித்துவிடுகிறார்கள். நல்ல கதைதான், ஆனால் பரீட்சையில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: 2019-இல் அபிநந்தன் பிடிபட்டபோது இந்தியாவும் பாகிஸ்தானும் போர் அறிவிக்கவில்லையே. அப்புறம் எப்படி அவர் போர்க் கைதி? இத்தனை நாளுக்குள் விட்டுவிட வேண்டும் என்று ஜெனீவா ஒப்பந்தத்தில் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

போர் அறிவிப்பு தேவையே இல்லை. "போர் நிலை" என்று ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டாலும் ஒப்பந்தம் பொருந்தும் என்று 2-ஆம் பிரிவே சொல்கிறது. இரண்டு நாட்டு விமானப் படைகள் வானில் மோதின, சீருடையில் இருந்த ஒரு விமானி எதிரியின் கையில் சிக்கினார். மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் அமலாக அது போதும்.

அந்த வீடியோவை மறுபடி பாருங்கள். பெயர், பதவி, பணி எண் சொல்கிறார். மேற்கொண்டு கேட்டால் சொல்ல மறுக்கிறார். 17-ஆம் பிரிவின்படி ஒரு கைதி சொல்லியே ஆக வேண்டியவை பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண், அவ்வளவுதான். அவர் விஷயத்தில் சட்டம் கச்சிதமாக இருந்தது. ஆனால் அந்த வீடியோவை எடுத்து உலகத்துக்குக் காட்டியதுதான் தவறு. அவமதிப்பிலிருந்தும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்திடமிருந்தும் கைதியைக் காக்க வேண்டும் என்பது 13-ஆம் பிரிவு. டீ குடிக்கும் காட்சி எவ்வளவு மரியாதையாகத் தெரிந்தாலும் விதி மாறாது. இதைச் சொல்லும்போது நம் பக்கத்துத் தொலைக்காட்சிகள் அதே வீடியோவை நாள் முழுக்க ஓட்டியதையும் நினைத்துக்கொள்கிறேன்.

நாள் கணக்கு கட்டுக்கதை. 118-ஆம் பிரிவு சொல்வது, தீவிரச் சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்பது மட்டுமே. "தாமதமின்றி" என்ற அந்தச் சொல் எவ்வளவு நீளும் என்பதற்கு 1971 போர் உதாரணம். டிசம்பரில் சண்டை நின்றது. இந்தியாவின் பிடியில் இருந்த சுமார் 93,000 பேரில் பெரும்பாலோர் 1973 செப்டம்பருக்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கினார்கள், 1974 ஏப்ரலில்தான் முடிந்தது. அவர்கள் இந்தியா, வங்கதேசம் இரண்டின் கூட்டுத் தலைமையிடம் சரணடைந்தவர்கள், வங்கதேசத்தின் சம்மதமும் வேண்டும் என்பது இந்தியாவின் வாதம். எனக்கு அந்த வாதம் அன்றும் பலவீனமாகத்தான் பட்டது. இன்றும் அப்படியே.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எங்கள் தாத்தா யாராவது சாமர்த்தியக்காரனைப் பார்த்தால் "அவன் பெரிய எம்டன்" என்பார். 1914-இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது இன்றைய சட்டப்படி போர்க்குற்றமா?

அருமையான கேள்வி. இதற்காகவே இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் கரையை நெருங்கி வந்து துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன, சிலர் இறந்தார்கள். ஒரு குண்டு விழுந்த இடத்துக்கு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. வக்கீல்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அன்றைய சட்டம் 1907-இன் ஒன்பதாம் ஹேக் ஒப்பந்தம். காவலற்ற துறைமுகத்தைக் கடலிலிருந்து சுடக் கூடாது. ஆனால் எதிரிப் படைக்குப் பயன்படும் கிடங்குகளும் ஆலைகளும் அந்தத் தடையில் அடங்கா. சென்னைக்குக் கடற்கரைப் பீரங்கிகள் வேறு இருந்தன, அவை திருப்பிச் சுடவும் செய்தன. ஆகவே எண்ணெய்த் தொட்டியைக் குறிவைத்தது அன்றைய கணக்கில் சரி. இன்றைய கணக்கிலும் அது இராணுவ இலக்காக நிற்கும். ஊரை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருந்தால்தான் கதை வேறு.

அதைவிட ருசியானது பினாங்கு சம்பவம். 1914 அக்டோபர் 28 விடியற்காலை, எம்டன் தன் மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாகப் போலி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் போல வேஷம் போட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. சுடும் முன்பு ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டு, ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. இது ஏமாற்று இல்லையா? ஏமாற்றுதான், ஆனால் அனுமதிக்கப்பட்ட ஏமாற்று. இதற்குப் போர்த் தந்திரம் என்று பெயர். சட்டம் தடுப்பது நம்பிக்கைத் துரோகத்தை. வெள்ளைக் கொடி காட்டிவிட்டுச் சுடுவது, ஆம்புலன்ஸில் ஒளிந்து வந்து தாக்குவது, சாதாரணக் குடிமகன் போல நடித்துக் கிட்டே போய்க் கொல்வது எல்லாம் அந்த வகை. எதிரி சட்டத்தை நம்பி உங்களைச் சுடாமல் இருக்க, அந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கினால் அது துரோகம். அவன் கண்ணை ஏமாற்றினால் தந்திரம். முதல் நெறிமுறையின் 37-ஆம் பிரிவை எம்டனை வைத்துச் சொல்லிக் கொடுத்தபிறகு என் மாணவர்கள் யாரும் அதை மறந்ததில்லை.

உங்கள் தாத்தாவின் அந்தச் சொல் அந்தக் கப்பலின் சாமர்த்தியத்துக்குச் சரியாகத்தான் பொருந்துகிறது.

மதுரையிலிருந்து ஒருவர்: எதிரி நம்மில் பத்துப் பேரைக் கொன்றால் நாமும் பத்துப் பேரோடு நிறுத்த வேண்டும், அதுதான் விகிதாசாரம், சரியா?

இல்லை. தொலைக்காட்சி விவாதங்கள் பரப்பிய தவறு இது. இரு பக்கத்துச் சாவு எண்ணிக்கையை ஒப்பிடுவது இந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. ஒவ்வொரு தாக்குதலையும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் பொதுமக்களுக்கு நேரும் என எதிர்பார்க்கும் சேதம், எதிர்பார்க்கும் திட்டவட்டமான, நேரடியான இராணுவ அனுகூலத்தைவிட மிதமிஞ்சியதா? இதுதான் கேள்வி. தாக்க முடிவெடுக்கும் நேரத்தில் தளபதிக்குத் தெரிந்ததை, தெரிந்திருக்க வேண்டியதை வைத்துத்தான் எடை போடுவார்கள். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: இலக்கே பொதுமக்கள் என்றால் விகிதாசாரப் பேச்சுக்கே இடமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சட்ட மாணவர்: வணக்கம் ரீச்சர். இலங்கை, உள்நாட்டுப் போர்களுக்கான இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை. அப்படியெண்டால் எங்கட நாட்டில் நடந்த போருக்கு என்ன சட்டம்?

வணக்கம் தம்பி. பொதுவான 3-ஆம் பிரிவும் வழக்காற்றுச் சட்டமும். இலங்கை 1959-இலேயே ஜெனீவா ஒப்பந்தங்களை ஏற்றது. 3-ஆம் பிரிவு "மோதலின் ஒவ்வொரு தரப்பையும்" கட்டுப்படுத்துகிறது, அதாவது அரசையும் புலிகளையும் ஒருசேர. ஆயுதத்தைக் கீழே போட்டவரைக் கொல்லக் கூடாது, சித்திரவதை கூடாது, பணயக் கைதி பிடிக்கக் கூடாது, காயம்பட்டவரைத் தூக்கி மருத்துவம் பார்க்க வேண்டும். போர்க் கைதி என்ற தகுதி மட்டும் உள்நாட்டு மோதலில் கிடையாது. பிடிபட்டவரை நாட்டுச் சட்டப்படி விசாரிக்கலாம். ஆனால் முறையான நீதிமன்றத்தில்.

2011 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் செயலரிடம் நிபுணர் குழு கொடுத்த அறிக்கையை முழுசாகப் படியுங்கள். மருத்துவமனைகள்மீதும் பாதுகாப்பு வலயங்கள்மீதும் நடந்த ஷெல் வீச்சைப் பற்றி அரசுமீதும், மக்களை அரணாக வைத்திருந்ததையும் தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் பற்றிப் புலிகள்மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாக அது சொல்கிறது. சட்டப்படி இதில் கவனிக்க வேண்டியது: ஒரு தரப்பு மக்களைக் கேடயமாக வைத்ததால் மறு தரப்பின் கடமை தீர்ந்துபோவதில்லை. மக்கள் மக்களாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இதைப் படிப்பது என் வகுப்பறையில் படிப்பது போல இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுப்பதாக இருந்தால் தனியாக எழுதுங்கள், நிதானமாகப் பேசலாம்.

ஒரு பல் மருத்துவர்: என் காரில் செஞ்சிலுவை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். தப்பா?

தப்புதான் டாக்டர். 1960-இன் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது, அபராதம் உண்டு. அது மருத்துவத்தின் சின்னமே இல்லை. "என்னைச் சுடாதே" என்று போர்க்களத்தில் சொல்லும் சின்னம். இன்றைக்கே கிழித்துவிடுங்கள்.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: அம்மா, தாக்கும் முன் எச்சரிக்கை செய்வதைப் புறநானூறு அன்றே சொல்லிவிட்டதே. இதை உங்கள் பாடத்தில் சேர்ப்பதில்லையா?

சேர்ப்பேன் ஐயா. 9-ஆம் பாட்டு, நெட்டிமையார் பாடியது. பசுக்கள், அந்தணர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் எல்லோரும் பாதுகாப்பான இடம் சேருங்கள், அம்பு விடப் போகிறோம் என்று பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் தரப்பு அறிவிக்கிறது. முதல் நெறிமுறையின் 57-ஆம் பிரிவு கேட்கும் முன்னெச்சரிக்கை இதுதான். ஆனால் இன்றைய சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. எச்சரிக்கை கேட்டும் போக முடியாமல் தங்கிவிட்டவர்களும் பாதுகாக்கப்பட்டவர்களே.

ஆனால் அதே புலவர் அதே அரசனைப் பாடிய 15-ஆம் பாட்டும் இருக்கிறது, மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை. பகைவர் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கினான், விளைந்த வயல்களில் தேர் ஓட்டினான், காவல் இருந்த குளங்களில் யானைகளை இறக்கினான் என்று அது புகழ்கிறது. பயிரையும் குடிநீரையும் அழிக்காதே என்பது முதல் நெறிமுறையின் 54-ஆம் பிரிவு. இரண்டு பாட்டையும் ஒரே தாளில் அச்சடித்துத்தான் மாணவர்களுக்குக் கொடுப்பேன்.