டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க்: படமும் எடுக்கணும், பயணத்தையும் ரசிக்கணும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடருக்கு மூன்று நாள் கார் பயணம், கணவர் கேமராவை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமராவைப் பிடுங்காதீர்கள், வெளிச்சத்தைப் பார்த்து நேரம் பிரியுங்கள். அந்த மலைச்சுவர் டர்பன் கடற்கரைப் பக்கம், கிழக்கு நோக்கி நிற்கிறது. விடிந்து முதல் ஒரு மணி நேரம் பாறை பொன்னாக மின்னும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும்; எத்தனை எடுத்தாலும் கறுத்த மலையும் வெளுத்த வானமும்தான். கோடையில் இடிமழை வேறு. ஆகவே விடியற்காலை அவருக்கு; நீங்கள் பிளாஸ்க் டீயோடு பக்கத்தில் உட்காருங்கள். பத்து மணிக்குக் கேமரா பைக்குள் போகட்டும்.

வழியில் ஹோவிக் என்ற ஊர் அருகே மண்டேலா சிற்பம், 50 எஃகுத் தூண்கள். சுமார் 35 மீட்டர் தள்ளி, பாதையில் சரியான இடத்தில் நின்றால்தான் முகம் சேரும். கொஞ்சம் விலகினால் வெறும் கம்பிகள். முகம் கூடுவதை இருவரும் நடந்தே பாருங்கள், படம் அப்புறம்.

உண்மையில் நேரத்தைத் தின்பது எடுப்பதல்ல, எடுத்ததைத் திரையில் பார்ப்பது. எடுத்த படத்தை உடனே தானாகத் திரையில் காட்டும் ஆட்டோ ரிவ்யூவை கேமரா மெனுவில் அணையுங்கள். என்3 நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் படத்துக்காக நிறுத்தவே வேண்டாம். ஆபத்து, அபராதமும் உண்டு.