தசமபாகம், தாலந்து, பதவி: எதை எங்கிருந்து கொடுப்பது?

கேள்வி: வயது 46. ஒரு நிறுவனத்தில் கணக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. கைக்கு வரும் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்தால் குடும்பச் செலவு 55, வீட்டுக் கடன் தவணை 20, காப்பீடும் ஓய்வுக்காலச் சேமிப்பும் 10, கடன் அட்டைக்கு 5. மீதி 10. அட்டையில் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பாக்கி இருக்கிறது, மாத வட்டி 3 சதவீதம். கையிருப்பு ஒரு மாதச் செலவுக்குத்தான் வரும். அப்பாவின் சொத்தில் 20 மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை வந்திருக்கிறது. அதை முழுவதும் சபையின் கட்டட நிதிக்குக் கொடுக்க நினைக்கிறேன், மனைவி தயங்குகிறார். உறவினர் ஒருவர் 12 மாதச் சம்பளம் அளவுள்ள கடனுக்கு ஜாமீன் கேட்கிறார். என் தாலந்தையும் (திறமையையும்) பதவியையும்கூடக் கடவுளுக்கும் மற்றவர்களுக்கும் பயன்படுத்த வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: அட்டைப் பாக்கியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் கட்டும் 5 பங்கில் முதல் மாதம் 3 பங்கு வட்டிக்கே போகிறது. புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் கடன் தீரச் சுமார் 31 மாதம் ஆகும், அதற்குள் ஏறக்குறைய 55 பங்கு வட்டியாகப் போயிருக்கும். அது ஐந்தரை மாதத் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான காணிக்கை. வந்த தொகையில் ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து இன்றே அடைத்துவிட்டால், மாத மீதி 10-லிருந்து 15 ஆகிறது. அப்போது 10 பங்கைக் காணிக்கைக்கு ஒதுக்கினாலும் 5 மிஞ்சும். பள்ளிக் கட்டணம், வாகனப் பழுது, மருத்துவம் என்று ஆண்டுக்குச் சில முறை மட்டும் வரும் செலவுக்கு அந்த 5 கட்டாயம் வேண்டும். உற்சாகமாகத் தொடங்கிய காணிக்கை நான்காவது ஐந்தாவது மாதத்தில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காததுதான் காரணம்.

அடுத்தது கையிருப்பு. வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்து மாதம் 75. ஆறு மாதத்துக்கு 450 வேண்டும், 75 ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே இன்னும் 3.75 மாதச் சம்பளத்தை எடுத்து வையுங்கள். இதுவரை 4.75 போனது, 15.25 மீதி. அப்பா விட்டுச்சென்ற தொகையில் பத்தில் ஒன்றான 2 மாதச் சம்பளத்தை மன நிறைவோடு இப்போதே கொடுங்கள். மிச்சம் 13.25-ஐ மூலதனத்துக்கு ஆபத்தில்லாத வைப்பில் போட்டு, ஒரு வருடம் தொடாதீர்கள். இழப்பின் துக்கம் ஆறாத நாட்களில் கொடுத்த பெருந்தொகையைத் திரும்பக் கேட்க வழியில்லை. உங்கள் மனைவியின் தயக்கத்தை விசுவாசக் குறைவாக எண்ண வேண்டாம். இருவரும் கையெழுத்திட மனமில்லாத தொகை இன்னும் கொடுக்கும் நிலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்துக் கட்டட நிதிக்குக் கொடுக்க இருவரும் தீர்மானித்தால், திட்டத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறதா, மதிப்பீடு எழுத்தில் உண்டா, வேலை நின்றால் பணம் என்னாகும் என்று கேளுங்கள். பிறகு அடித்தளம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள்.

தசமபாகத்தை வரிக்கு முன்பா பின்பா கணக்கிடுவது என்பது உங்கள் மனச்சாட்சியின் முடிவு. கணக்குப்படி இப்போதைக்குக் கைக்கு வரும் தொகையே உங்களால் தாங்கக்கூடியது. அந்த 10 பங்கைச் சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்குத் தானாக மாறும்படி செய்யுங்கள். அதில் 6 சபைக்கு, 2 நீங்கள் தேர்ந்தெடுத்த பணிகளுக்கு, 2 திடீரென்று கதவைத் தட்டுகிறவர்களுக்கு. கடைசி 2 தீர்ந்துவிட்டால் ‘அடுத்த மாதம்’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல முடியாமல்தான் நல்ல மனிதர்கள் மறுபடி அட்டையைத் தேய்க்கிறார்கள்.

ஜாமீன் வேண்டாம். உறவினர் தவணை தவறினால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம். தவறாவிட்டாலும், நாளை நீங்கள் கடன் கேட்கும்போது அந்தப் பொறுப்பு உங்கள் பெயரில் நிற்கும். வேதாகமத்தின் நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரமே பிணைப்படுவதை எச்சரிக்கிறது. உங்களால் முடிந்த சிறு தொகையைத் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுத்துவிடுங்கள், உறவு பிழைக்கும்.

தாலந்து என்பதே முதலில் பண அளவுதான். இயேசு சொன்ன உவமையில் வரும் ஒரு தாலந்து, கூலியாளின் ஏறத்தாழ 6,000 நாள் கூலிக்குச் சமம். உங்கள் கையில் உள்ள தாலந்து கணக்கு. வாரம் 4 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு என்று எழுதிக் கொடுத்துச் சபைக் கணக்கை ஒழுங்குபடுத்துங்கள். காணிக்கையை அன்றே, உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணிச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். அடுத்த வேலை நாளில் அது முழுவதும் வங்கிக்குப் போக வேண்டும், செலவுக்கு அதிலிருந்து எடுக்கவே கூடாது. எண்ணுகிறவர் பேரேடு எழுதக் கூடாது. வங்கி அறிக்கையை மாதந்தோறும் மூன்றாமவர் ஒத்துப்பார்க்க வேண்டும். கட்டட நிதிக்கு வந்ததைச் சம்பளத்துக்குத் திருப்பினால், நோக்கம் நல்லதானாலும் அது கொடுத்தவரை ஏமாற்றுவது. எல்லாம் ஒருவர் கையில் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவரானாலும் சந்தேகம் எழும் நாளில் தன் நேர்மையைக் காட்ட ஆதாரம் இருக்காது. நீங்களே எழுதிய கணக்கைத் தணிக்கை செய்யவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதவியில்தான் மிகுந்த கவனம் தேவை, ஏனென்றால் அது உங்களுடையது அல்ல. சரக்குத் தருகிறவர்களிடம் சபைக்கு நன்கொடை கேட்காதீர்கள். மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர் தருவது காணிக்கையாகாது, அந்தத் தொகை அடுத்த விலைப்பட்டியலில் ஏறி உங்கள் நிறுவனத்தின் தலையில் விழும். தெரிந்தவர் ஒப்பந்தத்துக்கு விண்ணப்பித்தால் உறவை மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்து, அந்த முடிவிலிருந்து விலகி நில்லுங்கள். வேலை தேடுகிற இளைஞர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சியை உங்கள் சொந்த நேரத்தில் கொடுக்கலாம், அதில் தவறில்லை.

உங்கள் மேசையிலேயே இன்னொரு பணி காத்திருக்கிறது. சிறு வியாபாரிகள் அனுப்பும் பில்களைத் தனியாகப் பிரித்து, நிறுவன விதிக்கு உட்பட்டு, கெடு தேதி தாண்டாமல் பணம் போகச் செய்யுங்கள். பெரிய நிறுவனம் 60 நாள் தாமதத்தைத் தாங்கும். நான்கு பேருக்குக் கூலி கொடுக்கிறவர் அந்த 60 நாளுக்கும், உங்களைப் போலவே, மாதம் 3 சதவீத வட்டிக்குக் கடன் வாங்க நேரிடலாம்.