நான்கு மணி நேரம் அப்பா எங்கே இருந்தார்?

கேள்வி: எனக்கு 44 வயது. அருங்காட்சியகம், கோட்டை, அரண்மனை என்றால் உயிர். ஒவ்வொரு விளக்கக் குறிப்பையும் படிக்காமல் நகர மாட்டேன். மனைவியோ முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு "போகலாமா?" என்கிறாள். மகன் பிடித்த ஒன்றிரண்டின் முன்னால் மட்டும் நிற்கிறான். கடைசியாகப் போன இடத்தில் பெரிய சண்டை. அப்பாவால் அதிகம் நடக்க முடியாது என்று வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். நான்கு மணி நேரமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிக்குத்தான் பொறுமை இல்லை. இனிமேல் நான் மட்டும் தனியாகப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் அப்பாவுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். என்னால் அதைத் தாண்டி வர முடியவில்லை.

நான்கு மணி நேரம், தம்பி! நடுவில் ஒரு தடவையாவது வெளியே வந்து பார்த்தீர்களா? தண்ணீர் வேண்டுமா, கழிவறை போக வேண்டுமா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். பிள்ளையோடு கிளம்பி வந்த இடத்தில் வயதானவர் வாயைத் திறக்க மாட்டார். நம்மால் இவர்கள் சந்தோஷம் கெட்டுவிடக் கூடாதே என்ற நினைப்பு அது. அதைப் பொறுமை என்று பெயர் வைத்து, மனைவியைக் குறை சொல்ல எடுத்துக்கொண்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

மனைவி விஷயம் சின்னது. 1983இல் வெளியான ஆய்வில் வெரோன், லெவாசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரான்சில் ஒரு கண்காட்சிக்கு வந்தவர்களின் நடையைக் கவனித்து, நான்கு வகையாகப் பிரித்தார்கள். சுவரை ஒட்டி வரிசையாக எல்லாவற்றையும் பார்ப்பவர் எறும்பு. நடுவில் நீந்திக்கொண்டே போகிறவர் மீன். பிடித்ததற்கு மட்டும் தாவுகிறவர் வெட்டுக்கிளி. தன் இஷ்டப்படி அங்குமிங்கும் போனாலும் பெரும்பாலானதைப் பார்த்துவிடுகிறவர் வண்ணத்துப்பூச்சி. நீங்கள் எறும்பு, அவர் மீன், பையன் வெட்டுக்கிளி. இதில் யாருக்கும் ரசனைக் குறைவு இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் நின்றது சராசரியாக 27 விநாடிதான். உலகத்தில் உங்களைப் போன்றவர்கள்தான் குறைவு. சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் பேசிவைத்துக்கொண்டு பிரிந்து போங்கள், சண்டையே வராது.

ஆனால் அப்பா இந்த நான்கில் யார்? உங்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் அவரை உள்ளேயே விடவில்லை. நடக்க முடியாதவருக்குப் பார்க்கவும் ஆசை இருக்காது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

அருங்காட்சியகக் களைப்பு எல்லோருக்கும் வருவது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916இலேயே இதை எழுதினார். ஒருவரைக் குனிந்தும் வளைந்தும் காட்சிப் பெட்டிகளைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்து, பொருள்களை வைத்திருக்கும் விதமே ஆளை வாட்டுகிறது என்று காட்டினார். ஆரோக்கியமானவருக்கே அப்படி என்றால், வயதானவருக்கு நாம்தான் வழி செய்து தர வேண்டும். பல இடங்களில் சக்கர நாற்காலி தருகிறார்கள், பெரிய கூடங்களில் உட்கார இருக்கைகள் இருக்கின்றன. அன்றைக்கு நுழைவாயிலில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

தனியாகப் போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள், வேறொரு நாளில். ஆசை தீரப் படியுங்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் நேரம் உங்களுடையது அல்ல, கூட வருகிறவர்களில் யாருக்கு முடியவில்லையோ அவருடையது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அடுத்த தடவை திறந்தவுடன் போய்விடுங்கள். கூட்டம் இருக்காது, அப்பாவுக்கும் தெம்பு இருக்கும். ஒரே ஒரு கூடம், ஒரு மணி நேரம் போதும். குறிப்பை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவர் பேசினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எந்தக் கூடம் என்பதை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்று ராத்திரியே அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.