கூரை போன மடத்தில் நிலைத்த கல் வளைவுகள்

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள ஃபவுண்டன்ஸ் மடாலயத்தின் படங்களைப் பார்த்தேன். தேவாலயத்துக்குக் கூரையே இல்லை. பக்கத்து நீளக் கூடத்தில் மட்டும் கல் கூரை அப்படியே இருக்கிறது. எப்படி?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தேவாலயத்தின் நடுக்கூடத்துக்கு இருந்தது மரக்கூரை, மேலே ஈயத் தகடு. 1539-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்ததும் ஈயத்தை உரித்து விற்றார்கள். அப்புறம் மழை உள்ளே இறங்கியது, மரம் மக்கியது.

நீங்கள் கேட்கும் கூடம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நீளம் சுமார் 300 அடி. பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதே என் தொழில் என்பதால், அங்கே போனபோது நடுவரிசைத் தூண்களை விட்டு நகரவே மனம் வரவில்லை. தூணுக்கும் வளைவுக்கும் இடையே போதிகை மாதிரி எதுவும் கிடையாது. தென்னை மட்டைகள் பிரிவதுபோல் தூணிலிருந்தே கல் விலாக்கள் கிளம்பி நாலாபக்கமும் வளைகின்றன.

முதலில் மரச்சாரம் கட்டி, அதன்மேல் விலாக்கற்களை இரு பக்கமிருந்தும் அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்குவார்கள். விலாக்களுக்கு இடைப்பட்ட பரப்பைச் சிறு கற்களாலும் சுண்ணாம்புக் காரையாலும் மூடுவார்கள். காரை இறுகிய பின் சாரத்தை இறக்கினால் கற்கள் தம் எடையாலேயே ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். அதே சாரம் அடுத்த கண்ணறைக்கும், அதாவது தூண்களுக்கு இடைப்பட்ட அடுத்த பகுதிக்கும், உதவும்.

வளைவு கீழ்நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். நடுத்தூணை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து சம அளவில் தள்ளுவதால் அது எந்தப் பக்கமும் சாயாது. சுமையைத் தாங்கினால் போதும். வெளிப்புறத் தள்ளலைத் தடித்த சுவர் ஏற்கிறது. மாடியில் துறவுப் பணியாளர்கள், அதாவது மடத்தின் உடலுழைப்பு வேலைகளைச் செய்த சகோதரர்கள், படுத்த கூடம் இருந்தது. அதன் சுவர்களின் பாரமும் சேர்ந்து அந்தத் தள்ளலைத் தரைக்குத் திருப்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

கல் என்றாலே நிலைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே தேவாலயத்தின் பக்கக்கூடங்களுக்குக் கல் கூரைதான் இருந்தது. இன்று அது இல்லை. இன்னொன்று, படத்தில் தெரியும் அந்த நீண்ட காட்சியை அன்றைய பணியாளர்கள் பார்த்ததே இல்லை. சாப்பாட்டறை, சரக்கறை என்று தடுப்புகள் வைத்துக் கூடத்தைப் பிரித்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட வளைவைச் செப்பனிடும்போது சிமென்ட் வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்; பக்கத்துக் கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், கல் லேசாக அசைந்தாலும் ஈடுகொடுக்கும்.