நம்ம எடுத்த போட்டோவுல எத சுவத்துல மாட்டுறது?

கோயம்புத்தூர்லேருந்து ஒரு நண்பர் கேட்டிருக்காரு: "புது வீடு கட்டி குடி வந்தாச்சு. ஹால்ல சோபாவுக்கு மேல 12 அடி சுவரு மொட்டையா கிடக்கு. எல்லார் வீட்லயும் இருக்குற அந்த ஏழு குதிரை ஓடுற படம் வேணாம், நான் எடுத்த போட்டோவையே மாட்டணும்னு ஆசை. வருஷக்கணக்கா எடுத்து ஹார்ட் டிஸ்க் ரொம்பி வழியுது. ஆனா உக்காந்து செலக்ட் பண்ணா இன்னைக்கு சூப்பரா தெரியுறது நாளைக்கு சப்புன்னு இருக்கு. எனக்கு புடிச்சது வீட்டம்மாவுக்கு புடிக்கல. இன்ஸ்டாவுல நெறைய லைக் வாங்குனதையே மாட்டிடலாமா?" கூடவே ஷார்ட்லிஸ்ட்னு ஒரு நாப்பது படமும் அனுப்பிருக்காரு. பாத்தேன். மாட்டுற மாதிரி அதுல இருக்கு, ஆனா அவரு முதல்ல வச்சிருக்குற படங்கள்ல இல்ல.

லைக் விஷயத்த முதல்ல முடிச்சிருவோம். போன்ல ஒரு படத்தோட வேலை, வேகமா தள்ளிக்கிட்டு போற கட்டைவிரல ஒரு செகண்டு நிறுத்துறது. அதுக்கு கலர் பளிச்சுனு இருக்கணும், விஷயம் பாத்தவுடனே புரியணும், நடுவுல பெருசா ஒண்ணு இருக்கணும். சுவத்துல மாட்டுற படத்துக்கு அந்த வேலையே கிடையாது. காலைல காபி குடிக்கும்போது, கரண்ட் போயி சும்மா உக்காந்திருக்கும்போது, வந்த சொந்தக்காரங்க பேச்சு நின்னு எல்லாரும் எங்கயாவது பாக்கணுமேன்னு பாக்கும்போது, அப்படி வருஷக்கணக்குல கண்ணு அதுமேல போயி போயி வரும். பாத்தவுடனே மொத்தமும் புரிஞ்சிடுற படம் அங்க ஒரு மாசத்துல காலண்டர் ஆயிடும். அதனால லைக் எண்ணிக்கைய கணக்குலயே எடுக்காதீங்க, கம்மியா வாங்குன படத்தையும் அதுக்காக தள்ளிடாதீங்க.

அடுத்தது, இதுலதான் பெரும்பாலானவங்க மாட்டிக்கிறாங்க. உங்க லிஸ்ட்டுல முதல் படம் 2018ல மூணாறு பக்கம் ராஜமலைல எடுத்த நீலக்குறிஞ்சி. 12 வருஷத்துக்கு ஒரு தடவ பூக்குறது, அடுத்தது 2030லதான். அந்த வருஷம் ஆகஸ்ட் மழை வெள்ளத்துல மூணாறு போற ரோடெல்லாம் அடிச்சிட்டு போயி, நீங்க லீவு போட்டு சுத்தி சுத்தி போயி சேந்து, மேகம் விலகுறதுக்கு காத்துக் கெடந்து எடுத்தது, மெயில்லயே ஒரு பாரா எழுதிருக்கீங்க. அந்த பாராவ மறைச்சுட்டு நான் படத்த மட்டும் பாத்தேன். ஒரு மலைச்சரிவு, மேல ஊதாவும் பச்சையும் கலந்த ஒரு பூச்சு, வெளிச்சம் சப்பையா ஒரே மாதிரி விழுந்திருக்கு, பத்தடி தள்ளி நின்னு பாத்தா கம்பளி விரிச்ச மாதிரிதான் தெரியுது, பூவுன்னே தெரியல. உங்களுக்கு அதுல தெரியுறது அந்த பயணம். மத்தவங்களுக்கு நீங்க பக்கத்துல நின்னு கதை சொன்னாத்தான் தெரியும். அபூர்வமான விஷயத்த எடுத்த படம் வேற, அபூர்வமான படம் வேற. கேப்ஷன் சொல்லாம நிக்க முடியாத படம் ஆல்பத்துல இருக்கட்டும், அங்க அதுக்கு நல்ல மரியாதை உண்டு.

இந்த பிரச்சனை உங்களுக்கு மட்டும் இல்ல. கேரி வினோகிராண்டுன்னு ஒரு அமெரிக்கக்காரரு, நியூயார்க் தெருவுல அலஞ்சு அலஞ்சு எடுத்தவரு, எடுத்த பிலிம் ரோல உடனே கழுவவே மாட்டாரு, ஒரு வருஷத்துக்கு மேல கூட அப்படியே போட்டு வச்சிருப்பாரு. எடுத்த அன்னைக்கு இருந்த மூடு மறந்து போகணும், அப்பத்தான் படம் நல்லாருக்கா இல்ல அந்த நாள் நல்லாருந்துச்சான்னு பிரிச்சு பாக்க முடியும்ங்கறதுதான் விஷயம். 1984ல அவரு இறந்தப்ப கழுவாத ரோலே சுமார் 2,500 இருந்துச்சு, அந்த அளவுக்கு நம்ம போக வேணாம். ஆனா எடுத்து ஒரு வருஷம் கூட ஆகாத படத்த ஹாலுக்கு செலக்ட் பண்ணாதீங்கன்னு தைரியமா சொல்லுவேன். குழந்தை பொறந்தது, கல்யாணம் மாதிரி விஷயத்துக்கு இது பொருந்தாது, அத மாட்டுறதுக்கு காரணமே வேற.

ரெண்டாவது படம், வால்பாறை புதுத்தோட்டத்துல எடுத்த சிங்கவால் குரங்கு. டெக்னிக்கலா குறையே இல்ல, கண்ணு ஷார்ப், பிடரி முடி ஒவ்வொண்ணா எண்ணலாம், பின்னாடி பேக்ரவுண்டு வெண்ணெய் மாதிரி கரைஞ்சிருக்கு. ஆனா இதே லென்ஸ் வச்சிருக்குற எல்லார்கிட்டயும் இந்த படம் இருக்கு. நீங்க அங்க இல்லாம வேற யாராவது நின்னிருந்தாலும் இதேதான் வந்திருக்கும். அது மாட்டக்கூடாத காரணம்னு சொல்லல, ஆனா "நானே எடுத்தத மாட்டணும்"னு ஆசைப்படுறவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். இன்னொண்ணு, 24 மெகாபிக்சல் பைல்ல தூரத்துல இருந்தத ரொம்ப கிராப் பண்ணி எடுத்திருக்கீங்க, அனுப்புனது வெறும் 1500க்கு 1000 பிக்சல். இத 24க்கு 36 இன்ச்ல போட்டா குரங்கு கட்டம் கட்டமா தெரியும். 5க்கு 7தான் அதுக்கு லிமிட்.

இப்ப எனக்கு புடிச்சதுக்கு வர்றேன். லிஸ்ட்டுல கடைசிக்கு பக்கத்துல "சும்மா எடுத்தது"ன்னு பேரு போட்டு ஒண்ணு அனுப்பிருக்கீங்க பாருங்க. வால்பாறை பஸ் ஸ்டாண்டு, நல்ல மழை, நின்னுக்கிட்டிருக்குற பஸ்ஸோட ஜன்னல் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு வெள்ளையா இருக்கு, ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் யாரோ உள்ளங்கையால தொடச்சிருக்காங்க, அந்த வட்டத்துக்குள்ள பாதி முகமும் ஒரு காதோரத்து மல்லிகைப்பூவும். கீழ தேங்குன தண்ணில டீக்கடை லைட்டு நீளமா ஓடுது. இத நான் முதல்ல பாத்தப்ப ஜன்னல பாத்தேன், மறுபடி பாத்தப்பதான் பஸ் படிக்கட்டுல கொடைய மடக்குற ஆளு தெரிஞ்சாரு, அப்புறம்தான் தண்ணி. அந்த பொண்ணு வெளிய என்னத்த பாக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியல. ஹால்ல மாட்ட வேண்டியது இதுதாங்க. திரும்ப பாக்கும்போது இன்னும் ஏதாவது மிச்சம் வச்சிருக்கு.

இதையும் கண்ண மூடிட்டு மாட்டிட வேணாம், ரெண்டு மூணு சோதனை இருக்கு. படத்த தலைகீழா திருப்பி வச்சு பாருங்க, ஆளு பஸ்ஸுங்கறதெல்லாம் மறந்து வெறும் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும், எங்க கனம் கூடியிருக்குன்னு புரிஞ்சிடும். அப்புறம் ஓரம். எல்லாரும் நடுவுல என்ன இருக்குன்னுதான் பாக்குறாங்க, ஆனா தெனம் பாக்குற படத்துல கண்ண உறுத்துறது ஓரத்துலதான் இருக்கும். உங்க பஸ் படத்துல வலது கீழ்மூலைல ஒரு மஞ்சள் சிப்ஸ் கவர் கெடக்கு. போன்ல தெரியாது. பெருசா போட்டு மாட்டுனா பத்தாவது நாள்லேருந்து நீங்க ஜன்னல பாக்க மாட்டீங்க, சிப்ஸ் கவரத்தான் பாப்பீங்க. நல்லவேளையா அத வெட்டிடலாம், எப்படின்னு கீழ சொல்றேன்.

மூணாவது சோதனைதான் முக்கியம், செலவும் கம்மி. உங்க நாப்பதுல ஒரு பத்து பன்னெண்ட எடுத்து லேப்ல 4க்கு 6, அதாங்க மேக்ஸி சைஸ், சாதா பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்து பிரிட்ஜ் கதவுலயோ பீரோ மேலயோ டேப் ஒட்டி விட்டுருங்க. யாருக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க, கேக்காதீங்க. ஒரு மாசம் போகட்டும். சில படம் ஒரே வாரத்துல கண்ணுக்கே தெரியாம போயிடும், சுவத்தோட சுவரா ஆயிடும், அத எடுத்துருங்க. சிலது எரிச்சல் கிளப்பும், அதையும் எடுத்துருங்க. வீட்டுக்கு வந்தவங்க பேச்ச நிறுத்திட்டு கிட்ட போயி பாக்குறாங்களான்னு மட்டும் கவனிங்க, "நல்லாருக்குங்க"ன்னு சொல்றத கணக்குல எடுக்காதீங்க, அது மரியாதைக்கு சொல்றது. கடைசில நாலோ அஞ்சோ நிக்கும். ஸ்கிரீன்ல பாத்து செலக்ட் பண்றதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஏன்னா ஸ்கிரீன் தானே வெளிச்சம் விடுது, பேப்பர் உங்க டியூப் லைட்டு வெளிச்சத்த வாங்கித்தான் திருப்பி குடுக்கும். அதனாலதான் போன்ல பளபளன்னு இருந்த ராத்திரி படமெல்லாம் பிரிண்ட்ல கரிப்பிடிச்ச மாதிரி வருது. தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச் படம் ஒண்ணு அனுப்பிருக்கீங்கல்ல, பொழுது சாஞ்சப்புறம் எடுத்தது, நல்ல படம், ஆனா சுவரெல்லாம் இருட்டுக்குள்ள கெடக்கு. கொஞ்சம் பிரைட்னஸ் ஏத்தி, நிழலயும் தூக்கி விட்டு, மேக்ஸி சைஸ்ல போட்டு பாத்துட்டு அப்புறம் பெருசு பண்ணுங்க.

திருவண்ணாமலை கிரிவலத்துல எடுத்த சாமியார் முகம், பிளாக் அண்ட் ஒயிட், சுருக்கமெல்லாம் தெரியுற மாதிரி டைட் குளோசப். போட்டோ நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர் வீட்ல ஒரு வயசானவரு முகம் மட்டும் தனியா பிரேம் போட்டு ஹால்ல தொங்குனா என்ன அர்த்தம்னு உங்களுக்கு தெரியாதா? வர்றவங்கள்ல பாதிப்பேரு "அப்பாங்களா? எப்ப தவறினாங்க?"ன்னு கேப்பாங்க, ஒருத்தராவது கும்புட்டுட்டு போவாங்க. சிரிக்காதீங்க, நடக்கும். அதோட அவரு யாருன்னே தெரியாது, நம்ம வீட்டு அலங்காரத்துக்கு அவரு முகம் எதுக்கு? உங்க ரூம்ல கம்ப்யூட்டர் பக்கத்துல சின்னதா வேணா வச்சுக்கோங்க.

வீட்டம்மா கேக்குற படம் எதுன்னு பாத்தேன். உங்கம்மா கொல்லப்புறத்துல சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு யாரையோ பாத்து திட்டுற மாதிரி, கொஞ்சம் ஷேக் ஆயிருக்கு, போன்ல எடுத்தது. இதுல ஷார்ப்னெஸ், கம்போசிஷன் எதுவும் பேசாதீங்க, குடும்பப் படத்துக்கு சோதனை ஒண்ணே ஒண்ணு, அந்த ஆளு அதுல அந்த ஆளா இருக்காங்களான்னு பாக்கணும். இருக்காங்க. வீட்டம்மா சொல்றதுதான் சரி. ஸ்டுடியோவுல எல்லாரும் ஒரே கலர் டிரஸ்ல கைய கட்டி நிக்கிற படத்தவிட இது பத்து மடங்கு மேல். ஆனா ஹாலுக்கு வேணாம், சைஸ் தாங்காது. நீங்க அனுப்புனது வாட்ஸ்அப்ல வந்த பைல், அது சாதாரணமா நீளவாட்டுல 1600 பிக்சலுக்கு சுருக்கிடும், 8 இன்ச்சுக்கு மேல போனா சொதப்பும். எடுத்த போன்லயே ஒரிஜினல் இருக்கான்னு தேடுங்க. எப்படியும் 6க்கு 8ல போட்டு ரூமுக்கு போற வழில, கிட்ட நின்னு பாக்குற எடத்துல மாட்டுங்க, அங்க நிக்கும்.

சைஸ் கணக்கு ரொம்ப சிம்பிள். பிக்சல 300ஆல வகுத்தா கிட்ட வச்சு பாத்தாலும் குறை தெரியாத இன்ச் வரும், சுவத்துல நாலஞ்சு அடி தள்ளி பாக்குறதுக்கு 200, சோபாவுக்கு மேல பெரிய படத்துக்கு 150 கூட போதும். 12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000, அப்ப 200 கணக்குல 20க்கு 15 இன்ச் வரை தாராளமா போடலாம். உங்க கேமரா பைல் 6000க்கு 4000, அது 30க்கு 20 போகும்.

கடைல ஏமாறுறது சைஸ்ல இல்ல, ஷேப்ல. கேமரா படம் 3க்கு 2ங்கற வாட்டம், அதுக்கு 8க்கு 12, 12க்கு 18, 20க்கு 30 அப்படியே பொருந்தும். போன் படம் 4க்கு 3, அதுக்கு 6க்கு 8, 12க்கு 16. ரெடிமேட் பிரேம்ல நல்லாருக்கேன்னு 16க்கு 20 வாங்கிட்டு வந்து கேமரா படத்த குடுத்தா அகலத்துல ஆறுல ஒரு பங்கு போயிடும், லேப்ல ரெண்டு பக்கமும் சமமா வெட்டிடுவாங்க, தல போச்சு கால் போச்சுன்னு அப்புறம் கத்தி பிரயோஜனம் இல்ல. உங்க பஸ் படத்துக்கு மட்டும் இது வசதியா அமையுது, 16க்கு 20தான் போடணும்னா வெட்டுற மொத்தத்தையும் வலது பக்கம் மட்டும் வெட்டுங்க, சிப்ஸ் கவரும் அதோட போயிடும், ஜன்னலுக்கு ஒண்ணும் ஆகாது. வெட்டுறத நீங்களே வீட்ல வெட்டி பைலா குடுங்க, கடைல வாயால சொல்லிட்டு வராதீங்க.

மாட்டுற எடம். எதிர்ல ஜன்னல் இருந்தா கண்ணாடி போட்ட பிரேம்ல உங்க ஜன்னல்தான் தெரியும், அங்க கண்ணாடிக்கு பதிலா மேட் லேமினேஷன், அதாங்க மினுமினுக்காத பிளாஸ்டிக் பூச்சு, போட்டுக்கோங்க. நேர் வெயில் படுற சுவரு வேணவே வேணாம், சாயம் வெளுத்துரும். பாத்ரூமுக்கு பின்சுவரு, மழை அடிக்கிற வெளிச்சுவரு, ரெண்டுலயும் ஈரம் ஏறும். கண்ணாடி போடுறதா இருந்தா படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு, அதாங்க படத்த சுத்தி வர்ற கெட்டி அட்டை, வச்சு இடைவெளி விட சொல்லுங்க, இல்லன்னா ஈரத்துல படம் கண்ணாடியோட ஒட்டிக்கும், பிரிச்சா தோலோட வரும். ஒசரம், நம்ம ஆளுங்க எல்லாரும் சாமி படம் மாதிரி அண்ணாந்து பாக்குற ஒசரத்துல மாட்டுறாங்க. படத்தோட நடு, தரைலேருந்து 57லேருந்து 60 இன்ச்சுக்குள்ள வரணும், சோபா முதுகுக்கு மேல ஒரு 8 இன்ச் விட்டா போதும்.

12 அடி சுவத்துக்கு எத்தனைன்னா, பஸ் படம் ஒண்ணு மட்டும், 3க்கு 2 வாட்டம் மாறாம சிப்ஸ் கவர வெட்டிட்டு, 20க்கு 30ல போதும்ங்கறது என் கட்சி. பக்கத்துல எதுவும் வேணாம். அதோட நிறுத்த மனசு வரலன்னா 12க்கு 18ல ஒரே மாதிரி மூணு பிரேம் செஞ்சுக்கோங்க, பின்னாடி ஆணி அடிச்சு சீல் பண்ணாம கிளிப் வச்சு தெறக்குற மாதிரி கேளுங்க. அப்புறம் பிரிட்ஜ் கதவுல அடுத்த செட் ஒட்டி அதுல எது நிக்குதோ அத உள்ள மாத்திக்கலாம், குறிஞ்சி படத்தையும் அந்த செட்ல ஒரு தடவ ஒட்டி பாருங்க, நான் சொன்னதுக்காக தூக்கி போட்டுறாதீங்க.